நான்தான் கொளுத்தினேன் என்று மொழிபெயர்த்தேன்

சில மாதங்களுக்கு முன் டுசல்டோர்ஃபில் புதிதாக வரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். ஓய்வு பெற்றவள் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். ஆரணி என்று பெயர். இங்கேயே பிறந்து, இங்கேயே சட்டம் படித்தவள்.

“அக்கா, உங்களைப் பற்றி ஒரு கதை கேள்விப்பட்டனான். அகதித் தஞ்ச விசாரணையில ஒரு ஆள் தன்ர வாயாலேயே தன்னைக் கெடுத்துக்கொண்டாராம். நீங்கள் நினைச்சிருந்தா ஒரு சொல்லை மாத்தி அவரைக் காப்பாத்தியிருக்கலாமாம். ஏன் செய்யேல்லை?”

“அது என்ர வேலை இல்லை, பிள்ளை” என்றேன்.

“வேலை எண்டு சொல்லித் தப்பக் கூடாது அக்கா. யூதரைக் கொன்ற காலத்தில எத்தினை பேர் வேலை, கட்டளை எண்டு சொல்லித் தப்பினவை எண்டு இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில எங்களுக்குப் படிப்பிச்சவை.”

அவள் கேட்டது நியாயம். ஒரு வரியில் பதில் சொன்னது என் சோம்பல். முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

பெயர்களையும் சில இடங்களையும் மாற்றியிருக்கிறேன். கதைக்கு உரியவர் தன் கதையைத் தானே கிறிஸ்தவ சபைகளில் எழுந்து நின்று சொல்லி வருகிறவர். எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டபோது, “என்ர பேரையே போடுங்கோ அக்கா” என்றார். நான் போடவில்லை. இங்கே அவரைத் தவநேசன் என்று அழைக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் அகதியாக வந்தவள். ஹோட்டலில் கட்டில் விரித்தேன், மாலை வகுப்பில் ஜேர்மன் படித்தேன், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்தேன். அங்கிருந்த மருத்துவர் ஒருவர் இதையே தொழிலாகச் செய்யலாமே என்றார். பரீட்சை எழுதினேன், சத்தியப் பிரமாணம் எடுத்தேன். பிறகு ஓய்வு பெறும்வரை தஞ்ச விசாரணை அறைகளிலும் நீதிமன்றங்களிலும்தான் என் சீவியம்.

தொழிலை எனக்குப் படிப்பித்தவர் லோமன் என்ற விசாரணை அதிகாரி. உயரமான மனிதர். குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அறைக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். எதிரே இருப்பவர் நேரத்தைப் பார்த்துப் பதறக் கூடாது என்பதற்காக. கேள்வி கேட்கும்போது என்னைப் பார்க்கவே மாட்டார். விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்த்து ஜேர்மனில் கேட்பார்; அவருக்கு அது விளங்காது என்று தெரிந்தும் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். பதில் வந்ததும் ஒலிப்பதிவுக் கருவியை வாயருகே பிடித்துச் சொல்லுவார்: “நான் அதிகாலையில் வீட்டை விட்டு வெளியேறினேன், முற்றுப்புள்ளி. என் தம்பி என்னுடன் வந்தான், முற்றுப்புள்ளி, புதிய பந்தி.”

என் முதல் நாளில் நான், “அவர் சொல்கிறார், தான் பயந்ததாக” என்று மொழிபெயர்த்தேன். லோமன் கருவியை நிறுத்தினார்.

“திருமதி சிவா, யார் பயந்தது?”

“இவர்.”

“அப்படியென்றால் ‘நான் பயந்தேன்’ என்று சொல்லுங்கள். இந்த அறையில் நீங்கள் இல்லை. அவர் மட்டும்தான் இருக்கிறார்.”

அன்றிலிருந்து நான் எல்லாரும் ஆனேன். தாயானேன், கள்ளக் கடவுச்சீட்டில் வந்தவன் ஆனேன், அடி வாங்கினவனும் அடித்தவனும் ஆனேன். ஒருமுறை ஒரு இளைஞன் கேள்விகளால் சலித்துப் போய் லோமனை நல்ல யாழ்ப்பாணத் தூஷணத்தில் திட்டினான். அதையும் நான் முதலாம் ஆளில், தாழ்ந்த குரலில், ஒரு சொல் குறையாமல் ஜேர்மனில் திட்டினேன். லோமன் முகம் மாறாமல் அதைக் கருவிக்குள் சொல்லி, “ஆச்சரியக்குறி” என்று சேர்த்தார். பிறகு அந்த இளைஞனைப் பார்த்து, “களைத்துவிட்டீர்கள். தண்ணீர் குடிப்போம்” என்றார்.

அவரிடம் நிறையக் கற்றேன். ஆனால் நான் அந்த அறையில் இல்லை என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஒருநாளும் நம்பியதில்லை. இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

தவநேசன் விசாரணைக்கு வந்தபோது லோமனுக்கும் எனக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வன்னியில் ஒரு கரையோரக் கிராமத்து ஆள். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். சைவராகப் பிறந்து வேதக்காரராக, அதாவது கிறிஸ்தவராக, மாறியவர். அதனால் ஊரில் தன் பழைய கூட்டாளிகள் தன்னைக் கொல்லத் தேடுகிறார்கள், காலை முறித்ததும் அவர்கள்தான் என்பது அவருடைய விண்ணப்பம். திருமதி கிராஃப் என்ற வழக்கறிஞர் கூட வந்திருந்தார். துடியான பெண், தன் கட்சிக்காரருக்காக எரிந்து விழக்கூடியவர்.

மதம் மாறியவர்களிடம் வேதக் கேள்விகள் கேட்பது வழக்கம். உண்மையாக மாறினார்களா, விசாவுக்காக மாறினார்களா என்று பார்ப்பதற்கு. லோமன் வேதாகமத்தில் வரும் பவுலைப் பற்றிக் கேட்பார். பெரும்பாலானோர் மனப்பாடம் செய்து வந்திருப்பார்கள்: கப்பலில் போனவர், சபைகளுக்குக் கடிதம் எழுதியவர், சிறை மறியலில் இருந்தவர்.

“பவுல் என்பவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று அன்றும் கேட்டார்.

தவநேசன் சொன்னார்:

“வேதத்தை நம்பின ஸ்தேவானைக் கல்லால எறிஞ்சு கொல்லேக்க, எறிஞ்ச ஆக்களின்ர உடுப்புகளுக்குக் காவல் நிண்டவர் ஐயா. வீடு வீடாப் புகுந்து, ஆம்பிளை பொம்பிளை எண்டு பாராமல் இழுத்துக்கொண்டு போய் மறியலில போட்டவர். வெறியில செய்யேல்லை. கடவுளுக்கு நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுத் தெளிவாச் செய்தவர்.”

“அவர் மாறினதைப் பற்றிச் சொல்லுங்கள்.”

“தமஸ்குவுக்குப் போற வழியில வெளிச்சத்தைக் கண்டு விழுந்தவர். அதை எல்லாரும் சொல்லுவினம். எனக்குப் பெரிசாப் படுறது அதுக்குப் பிறகு நடந்தது. போற இடமெல்லாம் தான் முந்திச் செய்ததை அவரே சொன்னவர். சபையிலயும் சொன்னவர், ராசாவுக்கு முன்னால கைதியா நிண்டும் சொன்னவர். ஆக்கள் செய்தவை, நானும் பக்கத்தில நிண்டனான் எண்டு சொல்லேல்லை. நான் துன்பப்படுத்தினன் எண்டுதான் சொன்னவர்.”

லோமன் கருவியைக் கீழே வைத்தார். அடுத்த கேள்வி பட்டியலில் இருந்ததல்ல.

“அதைச் சொன்னதால் அவருக்கு என்ன கிடைத்தது?”

“ஒண்டும் கிடைக்கேல்லை ஐயா. பழைய ஆக்களும் நம்பேல்லை, புது ஆக்களும் நம்பேல்லை. எனக்கும் அப்பிடித்தான்.”

திருமதி கிராஃப் பேனாவை மூடினார். இந்தப் பேச்சு எங்கே போகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஊரில் நடந்ததைத் தானாக எடுத்துச் சொல்ல வேண்டாம் என்று அவர் தவநேசனுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். கடும் குற்றம் செய்தவருக்குப் பாதுகாப்பு மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

தவநேசன் சொன்னார். நான் அவராகவே ஜேர்மனில் சொன்னேன்:

எங்கள் ஊரில் ஒரு சிறிய சபை வந்தது. தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம். போதகரும் அவர் மனைவி எஸ்தரும் நடத்தினார்கள். எங்கள் சனத்தை மாற்றுகிறார்கள் என்று எனக்குக் கோபம். இளைஞர்களைச் சேர்த்தேன். முதலில் கல் எறிந்தோம். பிறகு கூட்டத்துக்குப் போகிறவர்களின் வீட்டுக் கிணற்றில் கழிவெண்ணெய் ஊற்றினோம். பிறகு ஒரு பின்னேரம், கூட்டம் முடிந்து சனம் போன பிறகு, நான் ஜெபக்கூடத்தைக் கொளுத்தினேன். உள்ளே ஆள் இல்லை என்று நினைத்தேன். எஸ்தர் பாய்களை மடித்துக்கொண்டு உள்ளே இருந்தார். அவர் கத்தினது எனக்குக் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். நான் கதவைத் திறக்கவில்லை. அவர் இறுகிப் போன கதவை, பழுக்கக் காய்ந்த இரும்புக் கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்து இழுத்து வெளியே வந்தார்.

நான் சைவக்காரி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் தேத்தண்ணி குடிக்க மாட்டேன். அன்று என் வாயால் நான் ஒரு ஜெபக்கூடத்தைக் கொளுத்தினேன். ஒரு பெண் உள்ளே கத்த, கதவைத் திறக்காமல் நின்றேன். ‘நான்’ என்ற சொல்லை விடவில்லை.

“பிறகு ஏன் மாறினீர்கள்?” என்று லோமன் கேட்டார்.

“என்ர அம்மா காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில கிடந்தவ. பக்கத்துக் கட்டில்ல அந்த அக்கா. ரெண்டு கையும் கட்டு. என்னைக் கண்டிட்டுக் கூப்பிட்டவ. தம்பி, தண்ணி விடாய்க்குது, கொஞ்சம் பருக்கி விடுங்கோ எண்டு கேட்டவ. நான் ஆர் எண்டு தெரிஞ்சுதான் கேட்டவ. நான் கோப்பையைப் பிடிச்சன். அவ குடிச்சவ. அவ்வளவுதான் ஐயா. எனக்கு வெளிச்சம் ஒண்டும் தெரியேல்லை.”

இப்போது ஆரணி கேட்ட இடத்துக்கு வருகிறேன்.

விசாரணை முடிந்ததும் அதிகாரி சொன்ன பதிவை அச்சடித்துக் கொண்டு வருவார்கள். மொழிபெயர்ப்பாளர் அதை வரிவரியாகத் தமிழில் திரும்ப வாசிப்பார். விண்ணப்பதாரர் கேட்டு, பிழை இருந்தால் திருத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிடுவார். நான் வாசித்துக்கொண்டு போனேன். அந்தப் பந்திக்கு வந்தபோது கண் நின்றது. ஜேர்மனில் இப்படி இருந்தது: ஜெபக்கூடம் கொளுத்தப்பட்டது. நான் அந்த இடத்தில் இருந்தேன். கதவு திறக்கப்படவில்லை.

நான் அப்படி மொழிபெயர்க்கவில்லை. லோமன்தான் கருவிக்குள் அப்படிச் சொல்லியிருந்தார். களைப்பிலா, அலுவலக மொழிப் பழக்கத்திலா, அந்த மனிதர் மேல் வந்த இரக்கத்திலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் ஒரு வழி இருந்தது. மிகச் சுலபமான வழி. எழுதியிருப்பதை வாசிக்காமல், தவநேசன் சொன்னதையே தமிழில் வாசித்திருக்கலாம்: நான் கொளுத்தினேன், நான் திறக்கவில்லை என்று. அவர் தலையாட்டி ஒப்பமிட்டிருப்பார். காகிதத்தில் மென்மையான வசனம் நின்றிருக்கும். அவருக்கு மனநிறைவு, வழக்கறிஞருக்குச் சந்தோசம், லோமனுக்கும் கரைச்சல் இல்லை. யாருக்கும் தெரிய வந்திராது. ஆரணி சொல்லும் அந்த ஒரு சொல் இதுதான்.

நான் எழுதியிருந்ததை வாசித்தேன்.

“ஜெபக்கூடம் கொளுத்தப்பட்டது. நான் அந்த இடத்தில் இருந்தேன்.”

தவநேசன் தலையை நிமிர்த்தினார். “அக்கா, அது அப்பிடி இல்லை. கொளுத்தினது நான். கதவைத் திறக்காமல் நிண்டதும் நான். அதை மாத்தி எழுதச் சொல்லுங்கோ.”

மொழிபெயர்த்தேன். லோமன் திரும்பினார். அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்தார், பிறகு அவரை.

“இதைத் திருத்தினால் என்ன ஆகலாம் என்று அவருக்குத் தெரியுமா?”

திருமதி கிராஃப் இடைவேளை கேட்டு எங்களை வெளியே நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தவநேசனிடம் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் அவருடைய சனம். நான் சொன்னால் அவருக்கு விளங்காது. நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அதிகாரி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அதை இவர் மூடக் கூடாது.”

“நீங்கள் சொல்வதை அவரிடம் சொல்கிறேன். என் சொல் இதில் இல்லை” என்றேன்.

“ஒரு மனிதரின் உயிர் இது.”

“ஆம். அவருடைய உயிர்.”

அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். தவநேசன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வக்கீலம்மாவுக்குச் சொல்லுங்கோ, எனக்காகத்தான் சொல்லுறா எண்டு விளங்குது. ஆனா ஊரில இருந்து ஓடி வந்திட்டன். இதிலயிருந்தும் ஓடினா நான் பிறகு எங்க போய் நிக்கிறது?”

உள்ளே போனோம். லோமன் பந்தியை வெட்டிப் புதிதாகச் சொன்னார். நான் மீண்டும் வாசித்தேன். தவநேசன் ஒப்பமிட்டார். திருமதி கிராஃப் போகும்போது என்னிடம் விடைபெறவில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மதம் மாறியதை நம்புகிறோம், ஆனால் அவர் செய்தது பாரமானது, தன் நாட்டின் வேறு பகுதியில் அவர் வாழலாம் என்று காரணம் எழுதியிருந்தார்கள். திருமதி கிராஃப் நீதிமன்றத்துக்குப் போனார்.

இதற்கிடையில் தவநேசன் இங்கே ஒரு தமிழ்ச் சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கதை பரவியது. மொழிபெயர்த்தது யார் என்பதும் பரவியது. எனக்கு நன்கு தெரிந்த கோயில் தர்மகர்த்தா ஒருவர் தொலைபேசியில் வந்தார்.

“தங்கச்சி, நீர் சைவம்தானே?”

“ஓம் அண்ணை.”

“பிறகேன் எங்கட ஆக்களைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு அப்பிடிச் சொன்னனீர்? கொஞ்சம் அமத்தி வாசிச்சிருக்கலாமே. அவங்கள் இனி எங்களை எப்பிடிப் பாப்பாங்கள்?”

“கொளுத்தேக்க வராத வெக்கம் மொழிபெயர்க்கேக்க ஏன் அண்ணை வருது?”

“அது ஊரில ஆரோ நாலு பெடியள் செய்தது.”

“அந்த நாலு பேரில ஒருத்தர் நான்தான் எண்டு சொல்லுறார். நீங்கள்தான் ஆரோ எண்டு சொல்லுறீங்கள்.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அதன் பிறகு கோயிலில் சிலர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் போவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் போனேன், முன்வரிசையில் நின்றேன், அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். அது என் கோயிலும்தான்.

நீதிமன்றம் வழக்கமாக வேறு மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்கும். அந்த முறை அவருக்குச் சுகமில்லாமல் போக, யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி என்னைக் கூப்பிட்டார்கள். திருமதி கிராஃபும் ஆட்சேபிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “உங்களோடு எனக்குக் கோபம். ஆனால் நீங்கள் எதையும் கூட்ட மாட்டீர்கள், குறைக்க மாட்டீர்கள்” என்றார்.

நீதிமன்ற விசாரணைக்கு யாரும் வந்து இருக்கலாம். பின்வரிசையில் ஒரு தமிழர் தனியே இருந்தார். ஐம்பது வயதிருக்கும், சாம்பல் நிற மேலங்கி. யாரென்று எங்களுக்குத் தெரியாது. நீதிபதி பழைய பதிவை எடுத்துக் கேள்வி கேட்டார். தவநேசன் முதல் நாள் சொன்னதையே சொன்னார். நான் கொளுத்தினேன், நான் திறக்கவில்லை என்று நானும் மறுபடியும் சொன்னேன்.

“இதை ஏன் எங்களுக்குச் சொல்கிறீர்கள்?” என்று நீதிபதி கேட்டார்.

“அந்த அக்காவின்ர கை இப்பவும் மடங்காது ஐயா. அதை விட்டிட்டுச் சொல்ல எனக்கு வேறை கதை இல்லை.”

தீர்ப்பு பிறகு தபாலில் வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அகதி என்ற அந்தஸ்து கொடுக்கவில்லை. செய்த குற்றம் அதற்கு இடம் விடாது என்றார்கள். ஆனால் உயிராபத்து உண்மை என்பதால் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் தீர்த்தார்கள். வருடா வருடம் விசா புதுப்பிக்கிற சீவியம். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். பார், உண்மை சொன்னதால்தான் தப்பினார் என்று சிலர் எனக்கு நல்ல பெயர் தருகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம். அவரைத் திருப்பி அனுப்பியிருந்தாலும் இந்தக் கட்டுரையை இதே சொற்களில்தான் எழுதியிருப்பேன். அந்த மனிதர் தன் பிழையைத் தன்னுடையதென்று சொல்ல வந்தார். அதை அவரிடமிருந்து பறித்தெடுக்க எனக்கு என்ன உரிமை இருந்தது? காப்பாற்றுகிறேன் என்று சொல்லி ஒருவரைப் பொய்யராக்குவதற்கு நான் சத்தியப் பிரமாணம் எடுக்கவில்லை. ஆரணி, நான் அப்படி வாசித்தது கட்டளைக்குப் பணிந்து அல்ல. யாரும் எனக்குக் கட்டளையிடவில்லை. நானாகத்தான் செய்தேன்.

நீதிமன்ற விசாரணை முடிந்த அன்று நடந்ததை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது சாம்பல் மேலங்கிக்காரர் நடைபாதையில் நின்றார். தவநேசனுக்கு நேரே வந்தார்.

“நான் டானியல். எஸ்தரின்ர தம்பி.”

தவநேசன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நீ பொய் சொல்லுவாய் எண்டுதான் வந்தனான்” என்றார் டானியல். “ஒரு சொல்லை மறைச்சிருந்தாலும் எழும்பி எல்லாத்தையும் சொல்லியிருப்பன். அண்டைக்குப் பின்னேரம் கதவடியில நிண்டது நீ எண்டு அக்கா என்னட்டை மட்டும் சொன்னவ. பொலிசுக்கும் சொல்லேல்லை.”

“ஓம் அண்ணை.”

“அக்கா உன்னை மன்னிச்சிட்டா. அது அவவின்ர குணம். நான் மன்னிக்கேல்லை. நீ இண்டைக்குச் சொன்னதுக்காக மன்னிப்பன் எண்டும் நினையாதை.”

“நினைக்கேல்லை அண்ணை.”

டானியல் போகவில்லை. இருவரும் ஒருவர் முன் ஒருவர் நின்றார்கள். பிறகு டானியல் கேட்டார், குரல் உடைந்து:

“அவ எவ்வளவு நேரம் கத்தினவ?”

தவநேசன் பதில் சொன்னார். மெதுவாக, நேரே அவர் கண்ணைப் பார்த்து. டானியல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். தவநேசன் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் நின்றார்.

திருமதி கிராஃப் என் கையைப் பிடித்தார். “யார் அவர்? என்ன பேசுகிறார்கள்? வழக்குக்கு உதவுமா? சொல்லுங்கள்.”

என் வேலை வாழ்க்கை முழுவதும், எனக்குக் கேட்ட எதையும் நான் மொழிபெயர்க்காமல் விட்டதில்லை.

“அவர்கள் உங்களோடு பேசவில்லை” என்றேன்.